பள்ளி திறக்கும் மாதம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வில் வந்திருக்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில்தான் பொறுப்பேற்றேன். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 31 பிள்ளைகள். என்னுடன் ஓர் ஆசிரியை இருக்கிறார். வயதிலும் பணிக்காலத்திலும் என்னைவிட மூத்தவர். எனக்கு முன்பு இருந்த சார் நெடுங்காலம் இங்கேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதால், எதற்கெடுத்தாலும் "சார் இருந்தபோது இப்படி இல்லை" என்கிறார்கள். தாய்மார்களில் பலர் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குக் காலை ஏழு மணிக்கே கம்பெனி வண்டியில் போய்விட்டு மாலை இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியின் வேன் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. நான்கு பிள்ளைகளை அதற்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் நான் எதைப் பிடித்து எதைச் செய்வது? ஊரை எப்படிப் பள்ளிப் பக்கம் திருப்புவது?

பதில்: அன்புள்ள தலைமை ஆசிரியைக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தில் கேள்வி பல இருந்தாலும் நான் சொல்லப்போவது ஒரே வேலையைத்தான். ஜூன் மாதம் முடிவதற்குள் 31 பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரு முறை போய்வாருங்கள். அண்ணன், தங்கை என்று ஒரே வீட்டிலிருந்து வருகிறவர்களைக் கழித்தால் இருபத்துச் சொச்சம் வீடுகள்தான் இருக்கும். சேர்க்கைப் பேரணி, விளம்பரப் பலகை, ஆண்டு விழாத் திட்டம் எல்லாம் பிறகு வரட்டும். தொடக்கக் கல்வித் துறையில் தலைமை ஆசிரியராகவும் பின்னர் வட்டாரக் கல்வி அலுவலராகவும் இருந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: ஊர் தன் பள்ளியை விட்டு விலகுவதும் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பொறுத்துத்தான் நடக்கிறது. உங்களுக்கு முன்பிருந்த சாரின் பெயர் இன்றும் ஊரில் நிற்கிறதென்றால், அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரிந்திருந்ததுதான் காரணமாக இருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

இதைச் சட்டமும் கேட்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை அடுக்கும்போது, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துச் சொல்வதையும் ஒன்றாக வைத்திருக்கிறது. பெற்றோர் பள்ளிக்கு வந்துதான் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் ஊரில் தாய்மார்கள் பகலில் வர முடியாது. வந்தால் அன்றைய கூலி போய்விடும். எனவே நீங்கள் போவதுதான் நியாயம்.

பேருந்துக் கவலை உங்களுக்கு இருக்கும். தினமும் மாலையில் தங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மாலை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இது போதும். தனியாகப் போக வேண்டாம். காலை உணவு சமைக்கும் அம்மாவை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அரசின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்க்கே அந்த வேலை. உங்கள் பள்ளிக்கு வருகிறவர்களில் ஊரை நன்றாக அறிந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். எந்த வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார், எந்த அப்பா வெளியூரில் வேலை செய்கிறார், எந்தத் தெருவில் எந்த நேரம் போனால் ஆள் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பற்றிய குறையோடு தொடங்காதீர்கள். "ஏன் மூன்று நாள் வரவில்லை?" என்று வாசலிலேயே கேட்டால் அந்தக் கதவு ஓராண்டுக்கு மூடிக்கொள்ளும். பிள்ளையின் காதில் விழும்படி அதைப் பற்றி நல்லது ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: காலையில் யார் எழுப்பிக் கிளப்புகிறார்கள், மாலை யார் வீட்டில் இருப்பார்கள், வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தது உண்டா, அவசரம் என்றால் எந்த எண்ணில் உடனே ஆள் கிடைப்பார்கள். எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளத்தில் பதிவாகியிருக்கும் எண் பல வீடுகளில் பழையதாகவோ, வேலை நேரத்தில் அணைத்து வைத்திருப்பதாகவோ இருக்கும். உங்கள் மாவட்டத்தில் இது இன்னும் முக்கியம். பட்டாசு ஆலைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பகலில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்பதை ஜூனிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் குறிப்பு எடுக்காதீர்கள். வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம்.

சில வீடுகளில் பிள்ளை பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டோ தீப்பெட்டி ஒட்டிக்கொண்டோ இருப்பதைப் பார்ப்பீர்கள். முதல் நாளிலேயே சண்டை வேண்டாம், ஆனால் கண்டுகொள்ளாமலும் வந்துவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது, மாலையில் பிள்ளை விளையாடவும் படிக்கவும் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்று பேச்சைத் தொடங்குங்கள். பட்டாசுக்கான வெடிமருந்து எதையாவது வீட்டுக்குள் கண்டால் மட்டும் தயங்கக் கூடாது. அன்றே, அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நல்லுறவு கெட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லாத் தெருவுக்கும் போங்கள். காலனித் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் ஒரே வாரத்தில் போங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தத் தெருவை விட்டாலும் ஊர் அதைக் கவனிக்கும். பெற்றோர் கூட்டத்தைப் பள்ளியிலேயே நடத்துங்கள். சிலர் வரத் தயங்கும் கோயில் மண்டபத்திலோ ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ வேண்டாம். பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள், சாப்பாட்டு வரிசையில் யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள், யார் தொட்ட தட்டை யார் ஒதுக்குகிறார்கள் என்பதை முதல் வாரத்தில் நீங்களே நின்று பாருங்கள். சமைப்பவரின் சாதியைக் காட்டிப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் யாராவது இருந்தால், அதே உணவை நீங்கள் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள். பெற்றோரிடம் பொறுமையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களுக்கிடையே சாதியின் பெயரால் நடந்த கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. உயர்நிலைப் பள்ளியில் கையில் ஏறும் அந்தக் கயிறு, தொடக்கப் பள்ளியில் எந்தப் பாயில் யாரோடு உட்காருவது என்பதில்தான் ஆரம்பிக்கிறது. அதை அவிழ்க்க உங்களுக்குக் கிடைக்கும் ஐந்து ஆண்டுகள் வேறு யாருக்கும் கிடைக்காது.

இனி, பள்ளி திறக்கும் நாளைப் பற்றி. அதற்கு நான்கைந்து நாள் முன்பே ஒரு முறை போய் எல்லா அறையையும் திறந்து பாருங்கள். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் குளவிக் கூடு, பாம்பு, தேள் எதுவும் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பச் சொல்லி ஊராட்சிச் செயலரிடம் நேரில் சொல்லுங்கள். சுவிட்ச் பெட்டி, மின்கம்பி, மேற்கூரை ஆகியவற்றை ஒரு கண் பாருங்கள். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை நீங்களே போட்டுத் திறந்து பாருங்கள். இதைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். முதல் வகுப்புப் பிள்ளை பத்து மணிக்கு மேல் காரணம் தெரியாமல் அழுதால் பாதி நேரம் அது அம்மாவுக்கான அழுகை அல்ல. கழிப்பறை எங்கே என்று தெரியாது, கேட்கத் தெரியாது, உள்ளே போனால் தாழ்ப்பாள் திறக்காமல் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். முதல் நாளே ஐந்து ஐந்து பேராக அழைத்துப்போய்க் கதவை எப்படிச் சாத்துவது, தண்ணீர் எங்கே எடுப்பது, எப்படிக் கேட்பது என்று செய்து காட்டுங்கள். கழிப்பறையைக் கழுவும் வேலைக்கு மட்டும் எந்தப் பிள்ளையையும், எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். ஆள் வராத நாளில்கூட.

அழும் பிள்ளையை வாசலில் பிடுங்கி உள்ளே இழுக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அம்மாவோ பாட்டியோ முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம் வகுப்பில் பின்னால் உட்காரட்டும். போகும்போது, பிள்ளை பார்க்காத நேரமாக நழுவாமல், "சாப்பிட்டு முடித்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். சொன்ன நேரத்தில் வர வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அப்படி உட்கார யாருமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து ஓர் அக்காவையோ அண்ணனையோ துணைக்கு விடுங்கள். அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது மிகவும் நல்லது. அடுத்த ஆண்டு நடுநிலைப் பள்ளிக்குப் போய் மறுபடியும் சின்னப் பிள்ளையாக நிற்கப்போகிறவன் அவன்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. ஏழு மணிக்குத் தாய் வண்டி ஏறிவிட்டால் ஏழிலிருந்து பள்ளி தொடங்கும்வரை அந்த வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறது? பூட்டிய கேட்டின் முன்னால் நின்றுகொண்டிருக்கும். அல்லது சாலையில். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தால் சமைப்பவர் சீக்கிரமே வந்துவிடுகிறார். அவர் வரும் நேரத்தைக் கேட்டு, பிள்ளைகள் அதற்கு முன்னால் வர வேண்டாம், வந்தால் எங்கே உட்கார வேண்டும், அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஆனால் அவர் கைவேலையாக இருப்பார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்து அவர் தலையில் வைக்க முடியாது. மேலாண்மைக் குழுவில் வேலைக்குப் போகாத ஒரு பாட்டியோ தாத்தாவோ முறை வைத்து வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். குழுவின் முதல் வேலையாக இதையே வைக்கலாம். உப்புமா நாளோ பொங்கல் நாளோ, வாரம் ஒரு முறையாவது நீங்களும் அந்த நேரத்துக்கு வந்து அவர்களோடு சாப்பிடுங்கள்.

மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது அதில் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் என்றால் உங்கள் ஊரில் வேலை இல்லாதவர்களும் வயதானவர்களும்தான் வருவார்கள். குறித்த நாளில் கூட்டத்தை நடத்தி நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். அதை மாற்ற வேண்டாம். அதற்கு முன்பு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் தாய்மார்களைத் தனியாகச் சந்தித்து, என்ன பேச வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வர முடியாதவர்களின் பேச்சும் கூட்டத்துக்குள் வந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் நிதி, தீர்மானம் என்று ஆரம்பிக்காமல், நான்கு பிள்ளைகளை எழுந்து வாசிக்கவோ கதை சொல்லவோ விடுங்கள். கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற எண்ணம் போனால்தான் அடுத்த முறை ஆள் வரும்.

"நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே" என்று சில பெற்றோர் கேட்பார்கள். தனியார் பள்ளிக்கு மாறுகிறவர்கள் சொல்லும் முதல் காரணமும் பெரும்பாலும் இதுதான். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் "எண்ணும் எழுத்தும்" கற்பித்தல் முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துக் கற்பிக்கிறோம். பாட்டு, படம், அட்டை, விளையாட்டு என்று வகுப்பு நடக்கிறது. அது சரியான முறை என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அதைப் பெற்றோருக்கு விளக்காமல் விட்டது நம் தவறு இல்லையா என்று ஆசிரியர் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுச் சந்திப்பில் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். எழுத்து அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், அம்மாவின் முன்னால் பிள்ளையை ஒரு சொல்லைக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை என்றால் தன் நிலையில் செய்யக்கூடியதைச் செய்து காட்டட்டும். நோட்டுப் புத்தகத்தைவிட அது நம்பிக்கை தரும்.

வேனில் போகும் நான்கு பேரைப் பற்றி: அந்தப் பெற்றோரைக் குறை சொல்லாதீர்கள். வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் நண்பர்கள் முன்னால் ஒரு சொல்லும் வேண்டாம். கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிறவர்கள் பிள்ளைமேல் உள்ள ஆசையால்தான் அப்படிச் செய்கிறார்கள். பேரணி நடத்தி, நோட்டீஸ் அடித்து அவர்களைத் திரும்ப அழைக்க ஜூன் மாதத்தைச் செலவிடாதீர்கள். இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் நம்பிக்கை வந்தால் பேச்சு தானாகப் பரவும். எந்த மாதத்தில் யார் திரும்பி வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகவோ, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. செங்கல் சூளைக்கோ தோட்ட வேலைக்கோ வெளி மாநிலத்திலிருந்து வந்திருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கும் இது பொருந்தும். அந்தக் குடும்பங்கள் உங்கள் ஊர் எல்லையில் எங்காவது இருக்கின்றனவா என்று சமையல் அம்மாவிடம் கேளுங்கள். பள்ளிக் கணக்கில் வராத பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள்.

உங்கள் உதவி ஆசிரியையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் தயக்கம் தெரிந்தது. பள்ளி திறப்பதற்கு முன்பே அவருடன் உட்கார்ந்து வகுப்புப் பிரிப்பதைப் பேசிவிடுங்கள். பெரும்பாலான இரண்டு ஆசிரியர் பள்ளிகளில் ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையும் மற்றவர் நான்கு, ஐந்தையும் எடுப்பார்கள். சின்ன வகுப்பு கடினம், அனுபவம் வேண்டும். அவருக்கு விருப்பம் இருந்தால் அதை அவருக்கே கேட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் வேண்டாம் என்று கடைசியில் மிஞ்சும் வகுப்பாக ஒன்றாம் வகுப்பு ஆகிவிடக் கூடாது. பதிவேடு, எமிஸ் பதிவு, ஒன்றிய அலுவலகக் கூட்டம் என்று உங்களை வகுப்பிலிருந்து இழுக்கும் வேலை நிறைய வரும். அந்த நாட்களில் ஐந்து வகுப்பும் அவர் கையில்தான். அன்றைக்கு என்ன நடத்த வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட்டுப் போனால், உங்கள் மீதான அவரது மனத்தாங்கலில் பாதி குறையும். மற்றவர் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். பிள்ளைகள் முன்னால் நிச்சயமாகக் கூடாது.

பழைய சாரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். பாடநூலும் சீருடையும் கொடுக்கும் நாளுக்கு அவரை அழைக்கலாம். புத்தகங்களில் பிள்ளைகளின் பெயரை நீங்களே முன்கூட்டி எழுதி வைத்திருந்து, பெயர் சொல்லி அழைத்துக் கையில் கொடுங்கள், அவரையும் சிலருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் நீங்கள் நிற்பதை ஊர் பார்த்துவிட்டால் ஒப்பிடும் பேச்சு மெல்ல அடங்கும். எந்தக் குடும்பத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் தரும் தகவல் உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது.

வராத பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வழக்கத்தை முதல் வாரத்திலேயே வையுங்கள். முதல் நாள் வராவிட்டால் மதியத்துக்குள் ஒரு போன், இரண்டாம் நாளும் வராவிட்டால் மாலையில் வீட்டுக்கு. பாட்டி வீட்டுக்குப் போனவர்கள் ஜூன் பாதிவரை திரும்பாமல் இருப்பார்கள், அவர்களையும் விடாதீர்கள். ஆகஸ்ட்டுக்குப் பிறகு பட்டாசு வேலை சூடுபிடிக்கும்போது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளைகளை வீட்டில் நிறுத்தத் தொடங்குவார்கள். ஜூனிலேயே நீங்கள் போய்வந்த வீடாக இருந்தால் அப்போது உரிமையோடு கேட்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீடுகளின் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளரிடம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பாக எத்தனை வீடுகள் முடிந்தன, எங்கே கதவு திறக்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள். திறக்காத வீடுகளைப் பற்றி அடுத்த கடிதத்தில் தனியாகப் பேசுவோம்.